பின் டிஸ்க் பிரேக் வீறிடுகிறது, பிடிமானமும் இல்லை

கம்பம் பள்ளத்தாக்கில் கிராவல் சைக்கிள் ஓட்டுகிறேன். காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே போகும் மண்பாதையும் வாய்க்கால் கரையும்தான் வழக்கமான தடம். மூன்று வாரமாகப் பின் பிரேக் பாடாய்ப் படுத்துகிறது.

ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) டிஸ்க், 160 மி.மீ. ரோட்டார் (சக்கரத்தோடு சுழலும் தட்டு), ரெசின் பேட் (அந்தத் தட்டைப் பிடிக்கும் கட்டை). வாங்கி 2 ஆண்டு. முதல் ஐந்தாறு கிலோமீட்டர் ஒழுங்காகப் பிடிக்கிறது. பிறகு வீறிடத் தொடங்கி, பிடிமானம் பாதியாகிவிடுகிறது. சூடு ஆறியதும் ரோட்டாரைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று கருப்பு ஒட்டுகிறது. லீவரும் முன்பைவிடச் சற்று உள்ளே போகிறது.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ரோட்டாரைத் துடைத்தேன், பேடை உப்புத்தாளில் தேய்த்தேன், காலிப்பரை (பேடைத் தாங்கி அழுத்தும் பகுதி) ரோட்டாருக்கு நேராக வைத்து முடுக்கினேன். புதுப் பேட் மாற்றி, இருபது முறை வேகமெடுத்து நிறுத்திப் பழக்கினேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் பழைய கதை. கொடிக்கு அடிக்கும் மருந்து சொட்டிப் படிகிறதோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். அப்படியென்றால் முன் பிரேக்கும் கத்த வேண்டுமே, அது அமைதியாக இருக்கிறது.

காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டனின் சீலில் எண்ணெய் கசிகிறதா என்பதை வீட்டிலேயே உறுதிசெய்ய என்ன வழி?