ஓய்வுக்குப் பிறகு ட்ரெய்லர் பயணம்: எதற்காகப் போகிறோம் என்று தெரியவில்லை, உதவுங்கள்

வணக்கம். எனக்கு 64 வயது, மனைவிக்கு 61. ஓய்வு பெற்றதும், வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற, உள்ளேயே தங்கக்கூடிய 22 அடி ட்ரெய்லர் ஒன்றை வாங்கி, 14 மாதமாகச் சுற்றுகிறோம். வண்டியில் குறை எதுவும் இல்லை. ட்ரெய்லர் எடையில் 12 சதவீதம் இழுக்கும் வண்டியின் கொக்கி மேல் இறங்கும்படி சாமான்களை அடுக்கியிருக்கிறேன், ஆட்டமே கிடையாது. சிக்கல் எனக்குத்தான்.

புது இடத்தில் முதல் இரண்டு நாள் உற்சாகம். மூன்றாம் நாள் காலை, செருப்புகூட மாட்டாமல் ட்ரெய்லர் படியில் உட்கார்ந்து போனில் அடுத்த ஊரின் வரைபடத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். "இந்த ஊரையே இன்னும் பார்க்கலையே" என்பாள் மனைவி. ஆறு மாதமாக இதே கதை.

ஒரே இடத்தில் மூன்று வாரம் தங்கிப் பார்த்தோம், இன்னும் மோசமானது. பயணக் குறிப்பு எழுத ஆரம்பித்தேன், பத்து நாளில் நின்றது. அப்புறம் ட்ரெய்லர்கள் தங்கும் ஒரு முகாமில் மாதம் முழுக்கத் தன்னார்வ வேலை. தங்க இடம் இலவசம். மனைவிக்குப் பிடித்தது, எனக்கு மறுபடி ஆபீஸ் போன மாதிரி இருந்தது. கொஞ்சமாவது ஒட்டியது, பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் ஈபேர்ட் (eBird) என்ற இணையத்தளம் ஒன்றுதான். விடியலில் 15 நிமிடம் அசையாமல் நின்று பறவைகளை எண்ணிப் பதிகிறேன். அந்தக் கணக்கு ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது என்ற நினைப்பு மனதுக்குத் தெம்பாக இருக்கிறது. ஆனால் எட்டு மணிக்குள் அது முடிந்துவிடுகிறது, மிச்சப் பொழுது முழுவதும் வெறுமை.

பயணத்தை நிறுத்த இருவருக்கும் மனமில்லை.

ஊர் மாறிக்கொண்டே இருந்தாலும் விட்டுப்போகாத எந்த வேலையை நீங்கள் கையில் எடுத்தீர்கள்?