ரேஸ் கேமில் கார் மாற்றம்: நிஜம் முக்கியமா, சுதந்திரம் முக்கியமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கார் கேம் ஆடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. "அந்த வண்டிக்குப் பின்னால் மாட்டுகிற அந்த விங் நிஜத்தில் பொருந்தவே பொருந்தாது" என்பார் ஒருவர். "கேமில்கூட நினைத்ததைச் செய்ய முடியாதென்றால் எதுக்குங்க கேம்?" என்பார் இன்னொருவர். இரண்டு பக்கத்திலும் எனக்குப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். இந்த விஷயத்தில் யாரையாவது சந்தித்து உங்கள் எண்ணம் மாறியிருந்தால், அல்லது இன்னும் உறுதியாகியிருந்தால், இங்கே எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

எங்கள் வயதுக்காரர்களுக்கு எல்லாம் ஆரம்பித்தது 2004இல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட் 2இல்தான். பேவியூ என்ற கற்பனை ஊரில் கடை கடையாக ஏறி இறங்கி வண்டியை ஜோடிக்கலாம். பம்பர், போனட், மேல்நோக்கித் திறக்கும் கதவு, வண்டிக்கு அடியில் நியான் விளக்கு, டிக்கி நிறைய ஸ்பீக்கர், துள்ளிக் குதிக்க ஹைட்ராலிக்ஸ். மாட்ட மாட்ட தோற்றத்துக்கான நட்சத்திரம் ஏறும். அது போதுமான அளவு ஏறினால்தான் பத்திரிகை அட்டையும் டிவிடி அட்டையும் கிடைக்கும். டிக்கியில் அத்தனை ஸ்பீக்கரை அடுக்கியும் வளைவில் வண்டி கொஞ்சம்கூட அசராது. அப்போது அது எங்கள் யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

பிரவுசிங் சென்டரில் பக்கத்து சிஸ்டத்தில் உட்காரும் ஓர் அண்ணன் மட்டும் வேறு ரகம். 2007இல் அதே வரிசையில் நீட் ஃபார் ஸ்பீட் புரோஸ்ட்ரீட் வந்தபோது நாங்கள் எல்லோரும் திட்டித் தீர்த்தோம். ஊர் சுற்ற முடியாது, போலீஸ் துரத்தாது, இடித்தால் ரிப்பேர் செலவு வேறு. அவர் அதை விடாமல் ஆடினார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, அதில் வரும் காற்றுச் சுரங்கத்தை, அதாவது வண்டிமேல் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் இடத்தைக் காட்டினார். பம்பரையும் விங்கையும் இழுத்து இழுத்து உருவம் மாற்றினால், வண்டிமேல் ஓடும் காற்றின் கணக்கும் கூடவே மாறியது. அழகுக்காக விங்கைச் சிறிதாக்கிவிட்டு நெவாடா நெடுஞ்சாலையில் ஓட்டிக் காட்டினார். முழு வேகத்தில் ரோட்டில் ஒரு சின்ன மேடு வந்தது, வண்டி கைவிட்டுப் போய்ச் சிதறியது. "பார்த்தியா, நீ மாத்தினதுக்கு ரோடு பதில் சொல்லுது" என்றார்.

இன்றுவரை நான் அந்தக் கட்சிதான். எவ்வளவு வேண்டுமானாலும் மாற்ற விடட்டும், ஆனால் மாற்றியது ரோட்டில் தெரிய வேண்டும். 2022இல் வந்த கிரான் டூரிஸ்மோ 7இல் வைட் பாடி, அதாவது சக்கரத்துக்கு மேலே வண்டியின் உடம்பை அகலமாக்கும் மாற்றம், போடப் போனால், போட்ட பிறகு பழையபடி ஆக்க முடியாது என்று எச்சரிக்கும். ஆசையாகச் சேர்த்த வண்டி ஒன்றே ஒன்றுதான் கையில் இருந்தது. அந்தப் பொத்தானை அழுத்த எனக்கு மனசு வரவில்லை, அன்றைக்கு அப்படியே மூடிவிட்டுப் போய்விட்டேன். ஒரு கேம் என்னை அப்படித் தயங்க வைத்ததே, அதைத்தான் நான் நிஜம் என்கிறேன். எஞ்சின் ஆயிலை நாளாகியும் மாற்றாவிட்டால் அதில் குதிரைத்திறன் குறையும். கண்ணுக்கே தெரியாத விஷயம்தான், எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

* * *

கோவையில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேம் பழக்கம் மகனால் வந்தது. மேலே வைட் பாடி பற்றி எழுதியதைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது.

போன வருடம் ஒரு தம்பி சுவிஃப்ட்டில் வந்தான். போனில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணா, இதே மாதிரி வேணுங்க" என்றான். கிரான் டூரிஸ்மோவில் அவனே செய்த சுவிஃப்ட் ஸ்போர்ட். தரையோடு தரையாக இறக்கி, பெரிய அலாய் வீல் போட்டு வைத்திருந்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அவனை உள்ளே உட்காரச் சொல்லி ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுதும் ஒடிக்கச் சொன்னேன். பிறகு இறங்கி வந்து டயருக்கும் வீல் ஆர்ச்சுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். விரல் நுழையும் அளவுதான் இடம். அவன் கேட்கிற வீலைப் போட்டு, அவன் கேட்கிற அளவு இறக்கினால், பட்டறை வாசலில் இருக்கும் ஸ்பீடு பிரேக்கரிலேயே டயர் உரசிக் கிழியும். "கேமில் உரசலையேண்ணா" என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கேம் அதைக் காட்டவே இல்லையே.

நிஜத்தில் வைட் பாடி என்றால் முதல் வேலை வெட்டுவது. சக்கரத்துக்கு மேலிருக்கும் ஃபெண்டரின் தகட்டை வெட்டி, வெட்டிய ஓரத்தைத் துருப்பிடிக்காதபடி அடைத்து, அதன்மேல் ஃபைபர் ஆர்ச்சை வைத்து ரிவிட் அடிக்க வேண்டும். ஜப்பானில் ஆர்.டபிள்யூ.பி. பட்டறையின் அகிரா நகாய் போர்ஷே 911 வண்டிகளைத் தன் கையாலேயே வெட்டி வேலை செய்வார். வீடியோவில் அவர் ரம்பத்தை வைக்கிற நொடியில் எனக்கே வயிற்றைப் பிசையும். ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். அதனால் "திரும்ப முடியாது" என்று கேம் சொல்வதற்கு என் முழு ஓட்டு.

ஆனாலும் கேமில் தடை போடக் கூடாது என்பதுதான் என் கட்சி. காரணம் நம் ஊர்ச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரம் கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அந்தத் தம்பியை ஏமாற்றி அனுப்ப மனமில்லை. பெயின்டும் நல்ல அலைன்மென்ட்டும் செய்து கொடுத்தேன். மற்றதையெல்லாம் அவன் கேமிலேயே செய்துகொள்ளட்டும். ரோட்டில் ஆசைப்பட முடியாததை ஆசைப்பட அவனுக்கு அந்த ஒரு இடமாவது வேண்டும்.

கேம் செய்கிறவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. எல்லாம் போட விடுங்கள், டயர் உரசுகிற சத்தத்தையும் சேர்த்து விடுங்கள்.

* * *

நான் பாகங்கள் பக்கமே போவதில்லை, எனக்குப் பெயின்ட் மட்டும்தான். அதிலும் இதே தகராறு உண்டு என்பதால் எழுதுகிறேன்.

எந்த கேமிலும் எழுத்துருப் பட்டியலில் தமிழ் இருந்து நான் பார்த்ததில்லை. வண்டியின் பக்கவாட்டில் தமிழில் எழுத ஆசைப்பட்டால் வழி இரண்டு. ஃபோர்சா என்ற கேமில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுத்தை உருவாக்க வேண்டும். 'ண' போட ஒரு மாலைப்பொழுதே போய்விடும். மூன்று சுழிக்கும் வளையம் வரைந்து, தேவையில்லாத பாதியைப் பின்னணி நிறத்தால் மறைத்து, கடைசிக் கோட்டை நேராக நிறுத்த வேண்டும். கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டில் எஸ்.வி.ஜி. படம் (புள்ளிகளும் கோடுகளுமாகச் சேமிக்கும் படம்) ஏற்ற விட்டார்கள், ஆனால் 15 கே.பி.க்குள் இருக்க வேண்டியிருந்தது. நம் எழுத்தில் வளைவுகள் அதிகம். ஒவ்வொரு வளைவிலும் இருக்கும் புள்ளிகளைக் குறைத்துக் குறைத்து, எழுத்தின் வடிவமும் கெடாமல் அளவுக்குள் அடக்குவது ஒரு தனி வேலை.

'வேங்கை' என்று எழுதிய ஒரு ரேஸ் காரோடு ஆன்லைனில் ஓடினேன். ரேஸ் முடிந்ததும் ஒருவர் மெசேஜ் அனுப்பினார். பிரான்ஸில் நடக்கும் லீ மான் பந்தயத்தில் ஓடிய பழைய ரேஸ் கார்களின் வண்ணங்களை ஓர் எழுத்துகூடப் பிசகாமல் நகலெடுப்பவர். இப்படி ஒரு கார் எந்தப் பந்தயத்திலும் ஓடியதில்லை, கூட்டத்தில் உறுத்துகிறது என்று மரியாதையாகத்தான் சொன்னார். அவர் பொறுமை எனக்குத் தெரியும். ஒரு ஸ்பான்சர் சின்னம் அரை அங்குலம் தள்ளிப்போனாலும் அழித்துவிட்டுத் திரும்பச் செய்கிறவர். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் அவர் சொன்னதை ஏற்க முடியவில்லை. ஓடாத கார் என்பதால்தானே நான் வரைந்தேன். அதே இரவு மலேசியாவிலிருந்து ஒருவர், "அக்கா, அந்த எழுத்தைப் பார்த்ததும் பிரேக் பிடிக்கவே மறந்துட்டேன், அந்த டிசைனைப் பகிர முடியுமா?" என்று கேட்டிருந்தார். பகிர்ந்தேன். இப்போது அவரும் அதே பெயரோடு ஓடுகிறார், வேறு நிறத்தில்.

* * *

சுதந்திரத்துக்கு ஆதரவாக எல்லோரும் பேசுவதால் மறுபக்கத்தை நான் சொல்கிறேன். ஃபோர்சா ஹொரைசன் 5 ஆன்லைனில் ஏ கிளாஸ் ரேஸ் போய்ப் பாருங்கள். பி.ஐ., அதாவது வண்டியின் திறனுக்கு கேம் போடும் மதிப்பெண், 800க்குள் இருந்தால் எந்த வண்டியிலும் வரலாம், எந்த எஞ்சினும் மாற்றலாம். இவ்வளவு சுதந்திரத்தில் என்ன நடக்க வேண்டும்? வரிசை நிறைய விதவிதமான வண்டி நிற்க வேண்டும். நான் பார்ப்பதோ வேறு. வண்டி எதுவாக இருந்தாலும் ஃபோர் வீல் டிரைவாக மாற்றி, ஜெயிக்கும் என்று பெயர் வாங்கிய எஞ்சினைத் தூக்கி வைத்து, கேம் எல்லா வண்டிக்கும் பொதுவாகக் கொடுக்கும் அந்த அழகில்லாத விங்கையும் மாட்டிக்கொண்டு வருவார்கள். வெளியே ஓடு மட்டும் வேறு வேறு, உள்ளே எல்லாம் ஒரே கார்.

ஒருநாள் அந்தக் கூட்டத்தில் ஒரு மாஸ்டா எம்.எக்ஸ்-5 வந்தது. சொந்த எஞ்சின், பின் சக்கர ஓட்டம், விங் கிடையாது. பச்சை விளக்கு விழுந்ததும் எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். மலை இறக்கத்தில் வளைவுகள் தொடங்கியதும் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு வந்தது. யாரையும் இடிக்கவில்லை. என் பின்னால் வந்து, உள்பக்கம் இடம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்று தெரிந்ததும் விட்டுக்கொடுத்து, அடுத்த வளைவில் அழகாகத் தாண்டிப் போனது. ஜெயிக்கவில்லை, நடுவில்தான் முடித்தது. ஆனால் அந்த ரேஸில் என் நினைவில் நிற்கிற கார் அது ஒன்றுதான்.

ஃபோர் வீல் டிரைவ் மாற்றத்தை கேமில் ஒரு பொத்தானில் முடித்துவிடுகிறார்கள். நிஜத்தில் அது எவ்வளவு வேலை தெரியுமா? நிசானின் ஸ்கைலைன் ஜி.டி.ஆர் ஆர்34 வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முன் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் முன் டிஃபரன்ஷியலை, எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்போடு சேர்த்தே வைத்திருப்பார்கள், சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் அந்தச் சம்ப்பின் ஊடாகவே போகும். அதாவது முன் சக்கரத்துக்கும் சக்தி போக வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்து, எஞ்சினின் அடிப்பகுதியையே அதற்கேற்ப அமைத்திருக்கிறார்கள். அதிலிருந்து பின் சக்கர ஓட்டத்துக்கு மாற்றுவது சுலபம், வளைவில் வண்டியைச் சறுக்கவிட்டு டிரிஃப்ட் செய்கிறவர்கள் செய்கிறார்கள். பின் சக்கர வண்டியை இந்தப் பக்கம் கொண்டுவருவதென்றால் சம்ப், கியர் பாக்ஸ், வண்டியின் தரை என்று எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும். கேமும் பி.ஐ.யில் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது, உண்மைதான். ஆனால் மழையிலும் மண்ணிலும் கிடைக்கிற லாபத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

* * *

சுருக்கமாக ஒன்று. நிஜம் என்றால் சலிப்பு என்று நினைப்பவர்கள் பின்லாந்தில் உருவான மை சம்மர் கார் ஆடிப் பாருங்கள். வண்டி துண்டு துண்டாகக் கொட்டகையில் கிடக்கும். எந்தப் போல்ட்டுக்கு எந்த அளவு ஸ்பேனர் என்று தேடித் தேடி நாமேதான் பூட்ட வேண்டும். சரியாக முறுக்காத பாகம் ஓட ஓடக் கழன்று விழும். கார்புரேட்டரையும் நாம்தான் டியூன் செய்ய வேண்டும். என் அப்பா வண்டி மெக்கானிக்காக இருந்தவர். கேம் என்றாலே முகம் சுளிப்பவர், இதில் மட்டும் என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "வால்வைப் பாருடா முதல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எஞ்சின் முதல்முறை உறுமியபோது என்னைவிட அவர்தான் சத்தமாகச் சிரித்தார். அதற்குப் பிறகு அதில் ஒரு ஸ்பாய்லர் மாட்டினால்கூட, நான் மாட்டியது என்று இருக்கிறது.

* * *

முதலில் எழுதியவன்தான், திரும்பவும் வந்திருக்கிறேன். கோவை அண்ணன் எழுதியதை இரண்டு முறை படித்தேன், டயர் உரசும் சத்தம் எனக்கும் வேண்டும்.

யாரும் தொடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல நேரம் தடை போடுவது நிஜமும் இல்லை, கேம் செய்கிறவரும் இல்லை. கார் கம்பெனியின் அனுமதி. 2019இல் நீட் ஃபார் ஸ்பீட் ஹீட் வந்தபோது, அண்டர்கிரவுண்ட் நாளிலிருந்து நாம் ஓட்டிய டொயோட்டா சூப்ரா அதில் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு டொயோட்டாவின் பிரிட்டன் ட்விட்டர் கணக்கு, எங்கள் கார்கள் கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டில் இருக்கின்றன, அது சட்டவிரோதத் தெரு ரேஸை ஊக்குவிப்பதில்லை என்ற பொருளில் பதில் போட்டது. ஒரு கம்பெனி தன் பெயரைக் காப்பதில் எனக்கு வருத்தமில்லை. அதற்கு 'நிஜம்' என்று பெயர் சூட்டி நம்மிடம் விற்கும்போதுதான் வருத்தம். ஜெர்மனியின் பீம்என்ஜி டிரைவ் கேமைப் பாருங்கள். எல்லாம் கற்பனைக் கம்பெனி வண்டிகள். அதனால் யாரிடமும் கேட்காமல் கதவைக் கழற்றலாம், எஞ்சினைக் கருக்கலாம், சுவரில் மோதித் தகடு தகடாக நசுக்கலாம். பெயர் பொய், நசுங்குவது மட்டும் அவ்வளவு நிஜம்.

எம்.எக்ஸ்-5 கதை எழுதிய நண்பருக்கு: நாங்கள் சிலர் ஃபோர்சாவில் தனி ரூம் போட்டு ஆடுகிறோம். அழகுக்கு எது வேண்டுமானாலும் செய்யலாம், கேள்வியே கிடையாது. ஆனால் எஞ்சினும் டிரைவும் அந்த வண்டி பிறந்தபோது இருந்ததாகவே இருக்க வேண்டும். பி கிளாஸ், பி.ஐ. 700க்குள். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் இருப்போம். 'வேங்கை' வரைந்த அக்காவும் வரலாம், தமிழ் எழுத்து போட்ட வண்டி எங்களிடம் இன்னும் ஒன்றுகூட இல்லை.