தண்ணீரில் ஊறிய கார் சாவி: யாருக்காவது அனுபவம் உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஈசிஆர் பக்கம் ஒரு வாட்டர் பார்க்குக்குப் போயிருந்தோம். வாசலிலேயே சகுனம் சரியில்லை. பருத்தி உடையோடு தண்ணீரில் இறங்கக் கூடாதாம். எனக்கும் அத்தைக்கும் நைலான் உடை வாடகைக்கு எடுத்தோம். சின்னவன் சறுக்கில் ஒரு பல்லை விட்டுவிட்டு வந்தான் (பால் பல்தான், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது).

அதெல்லாம் போகட்டும். எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துப் பூட்டிய என் வீட்டுக்காரர், கார் சாவியை மட்டும் டிராயர் பையிலேயே வைத்துக்கொண்டு அலைக்குளத்தில் இரண்டு மணி நேரம் ஆடியிருக்கிறார். ரிமோட் பட்டன் செத்துவிட்டது. சாவியைப் போட்டுத் திருகிக் கதவைத் திறந்தோம். நல்லவேளை, வண்டி கிளம்பியது. சாவிக்கு உள்ளே இருக்கும் இம்மொபிலைசர் சிப்புக்கு (அதை அடையாளம் கண்டால்தான் வண்டி கிளம்பும்) பேட்டரி தேவையில்லையாம்.

இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தால், பேட்டரி உட்காரும் இடத்தில் பச்சையாகப் பூத்திருக்கிறது. குளோரின் தண்ணீராயிற்றே. புது சிஆர் 2032 பேட்டரி போட்டும் பலனில்லை. அரிசி டப்பாவில் போடச் சொல்கிறார் அத்தை, எனக்கு நம்பிக்கையில்லை. எலக்ட்ரானிக் பாகங்களைத் துடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் உயிர் வருமா? தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் ரிமோட்டை மட்டும் சரிசெய்து தரும் கடை தெரிந்தால் சொல்லுங்கள். ஷோரூமில் புதுச் சாவிதான் என்கிறார்கள். விலையைக் கேட்டதிலிருந்து இவர் வாயே திறக்கவில்லை.