சினூக் சால்மனுக்குத் தூண்டில் கட்டுவதில் சிக்கல்: அனுபவசாலிகள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. ஒன்ராறியோ ஏரியில் சினூக் சால்மன் பிடிக்கும் ஆசையில் 17 அடிப் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். ஊரில் கரைவலையும் கைத்தூண்டிலும் பார்த்து வளர்ந்தவன். படகை ஓட்டிக்கொண்டே தூண்டிலை இழுப்பது எனக்குப் புதிது.

சென்ற ஞாயிறு ஸ்காபுரோ பிளஃபர்ஸ் பார்க்கில் படகை இறக்கினேன். சோனாரில் 70 அடி ஆழத்தில் மீன்கள் வில் வில்லாகத் தெரிந்தன. டவுன்ரிகரில் (கம்பியில் குண்டைத் தொங்கவிட்டுத் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் கருவி) 10 இறாத்தல் குண்டு, 20 இறாத்தல் தாங்கும் தங்கூசி நரம்பு, முனையில் ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை). இன்னொரு கோலில் டிப்ஸி டைவர் (இழுக்கும்போது நரம்பை ஆழத்துக்கும் பக்கவாட்டுக்கும் கொண்டுபோகும் தட்டு). வேகம் மணிக்கு 2.5 மைல். படகைத் திருப்பும்வரை எல்லாம் சரியாகத்தான் போனது. திரும்பியதும் டைவர் நரம்பு டவுன்ரிகர் கம்பியில் சுற்றிக்கொண்டது. அவிழ்க்க ஒரு மணி நேரம்! மைத்துனர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

டைவரின் எண் தட்டை 1இல் வைத்திருந்தேன். 3இல் வைத்தால் படகை விட்டு விலகி ஓடும், ஆனால் ஆழம் குறையும். அப்படியானால் எவ்வளவு நரம்பு விடுவீர்கள்? டைவருக்கும் தங்கூசியே கட்டியிருக்கிறேன். அது ரப்பர் போல இழுபடுவதால் ஆழத்தில் டைவரின் பிடியை விடுவிக்கும் விசையைத் தட்டிவிட முடியவில்லை. பின்னல் நரம்புக்கு மாறினால் 30 இறாத்தல் போதுமா?

அடுத்த முறை 8 அங்குல ஃபிளாஷரும் (சுழன்று மின்னி மீனை ஈர்க்கும் தட்டு) அதன் பின்னால் போலி ஈயும் கட்டிப் பார்க்க எண்ணம். இரண்டுக்கும் இடையே எத்தனை அங்குலம் விடுகிறீர்கள்? நீளம் கூடினால் ஈ துள்ளாது என்பது புரிகிறது, சரியான அளவுதான் பிடிபடவில்லை.

இன்னொரு டவுன்ரிகர் வாங்கச் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் அனுமதி கிடைக்காது.