லென்டிவைரஸ் மரபணு சிகிச்சை: ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு ஃபோன் விசாரிப்பு போதுமா?

கதிரவன்:
லென்டிவைரஸ் போல, சிகிச்சை மரபணுவைச் சுமந்துபோய் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் உட்காரும் வெக்டர்களுக்கு (மரபணுவைச் சுமக்கும் வைரஸ்களுக்கு) அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் 2020 வழிகாட்டுதல் 15 ஆண்டு கண்காணிப்பு கேட்கிறது. முதல் 5 ஆண்டு நேரில் பரிசோதனை, அப்புறம் ஆண்டுக்கொரு முறை ஃபோனிலாவது விசாரிக்கச் சொல்கிறது. அதோடு ஒரு சிபிசியும் (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) எடுத்தால் தாராளம் என்பேன். வெக்டர் எந்த இடத்தில் செருகியிருக்கிறது என்ற பரிசோதனையை சிபிசி கெட்டால் மட்டும் செய்யலாம். அடிக்கடி கூப்பிட்டால் நோயாளி வருவதையே விட்டுவிடுவார்.

மலர்விழி:
ஒப்புக்கொள்ள முடியாது. மூளையைத் தாக்கும் ஒரு பரம்பரை நோய்க்கான ஸ்கைசோனா என்ற லென்டிவைரஸ் சிகிச்சையின் ஆய்வுகளில் 67 சிறுவர்களில் 7 பேருக்கு ரத்தப் புற்று வந்தது. ஒரு பையனுக்கு அது தெரிந்தது 92ஆம் மாதத்தில், ஏழரை ஆண்டு கழித்து! ஃபோனில் "களைப்பா, காய்ச்சலா" என்று கேட்டுப் பிடிக்கிற நோயா இது? சிபிசி கெடும் வரை காத்திருந்தால், புற்றோடு தொடர்புள்ள மெகாம் மரபணுவுக்குப் பக்கத்தில் செருகல் உள்ள குளோன் (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம்) அதற்குள் எலும்பு மஜ்ஜையைப் பிடித்திருக்கும்.

கதிரவன்:
குளோன் பெருகினாலே புற்று என்று ஆகிவிடாது. 2007இல் பாரிஸில் சிகிச்சை பெற்ற தலசீமியா நோயாளிக்கு எச்.எம்.ஜி.ஏ.2 மரபணுவில் செருகல் உள்ள குளோன் பெருகியது, புற்றாகவில்லை. அப்படி ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் குடும்பத்துக்கு என்ன வைத்தியம் சொல்வீர்கள்?

மலர்விழி:
வைத்தியம் வேண்டாம், இடைவெளியைக் குறையுங்கள். 3 மாதத்தில் மறுபடி எடுத்து, அதே குளோன் ஏறினால் மஜ்ஜை பார்க்கலாம். ஏறாவிட்டால் பழைய அட்டவணைக்கே திரும்பலாம். இன்னொன்று, இந்தப் பரிசோதனை பழியையும் துடைக்கும். 2021இல் லென்டிவைரஸ் சிகிச்சை பெற்ற சிக்கிள் செல் (அரிவாள் செல் ரத்தசோகை) நோயாளி ஒருவருக்கு ஏ.எம்.எல். என்ற ரத்தப் புற்று வந்தது தெரிந்தபோது புற்றுச் செல்லிலேயே வெக்டர் இருந்தது. ஆனால் செருகியது வேம்ப்4 மரபணுவில், புற்றோடு தொடர்பில்லாத இடம். அது தெரிந்ததால்தான் நிறுத்திய ஆய்வுகள் மீண்டும் தொடங்கின.

செந்தில்:
ஆய்வகப் பக்கத்திலிருந்து: இருவரும் சண்டை போடும் பரிசோதனை பல சமயம் ட்யூபிலேயே தோற்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போட்ட ட்யூபில் எடுத்தால், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பிசிஆர் முடங்கும். ஈடிடிஏ என்ற வேறு உறைதடுப்பி உள்ள ட்யூப்தான் வேண்டும். 1 மைக்ரோகிராம் டி.என்.ஏ. என்றால் சுமார் ஒன்றரை லட்சம் செல். அதைவிடக் குறைவாகக் கிடைத்தால் சிறு குளோன் வலையில் விழாது. சிகிச்சைக்கு முன் எடுத்த மாதிரி மைனஸ் 80 டிகிரியில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால், பின்னால் தெரியும் மரபணு மாற்றம் பழசா புதுசா என்று யாராலும் சொல்ல முடியாது.
வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோஃபிலியா ஏ (ரத்தம் சரியாக உறையாத நோய்) நோயாளிகள் 5 பேருக்கு லென்டிவைரஸ் ஏற்றிய ஸ்டெம் செல் கொடுத்து, 2024இல் முடிவு வெளியிட்டார்கள். அவர்களுக்கும் இதே கணக்குதான்.

கதிரவன்:
சேமிப்பு மாதிரி விஷயத்தில் செந்தில் சொல்வது சரி. அப்படியானால் ஆண்டுதோறும் ரத்தம் எடுத்து உறைய வைப்போம், அதை நோயாளியின் ஊர் லேபிலேயே எடுக்கலாம். செருகல் பரிசோதனைக்கு அனுப்புவது மட்டும் சிபிசி பார்த்த பிறகு.

மலர்விழி:
உறைந்த ட்யூப் எச்சரிக்காது, கதிரவன். எடுத்த ரத்தத்தில் செருகல் பரிசோதனையை அந்த ஆண்டே ஓட்டுங்கள்.