பொன்னிற அல்காவின் சிலிக்காக் கூட்டுக்கு ஒரு பெயர்

வணக்கம். உயர்தர வகுப்புக்கான நன்னீர் அல்கா (பாசி) கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் இடறி நிற்கிறேன். நிலைமை மோசமானால் பொன்னிற அல்கா தன் கலத்துக்குள்ளேயே, மணலில் உள்ள சிலிக்காவால் ஓர் உருண்டைக் கூட்டைக் கட்டி உறங்கிவிடும். கூட்டுக்கு ஒரேயொரு துளை. கடைசியில் அதையும் அடைத்துவிடும். 'ஸ்ரொமற்றோசிஸ்ட்' என்ற இதற்கு, 'சிஸ்ட்' என்பதற்கு நாம் பொதுவாக எழுதும் 'சிறைப்பை' போதுமா?
(ஆசிரியை, வெள்ளவத்தை)

ரீச்சர், அமீபாவுக்கும் சிறைப்பை என்றுதானே எழுதுகிறோம்? பை என்றால் மெத்தென்றது. இது குளத்தடிச் சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் கிடப்பது. அதன் முள்ளையும் கழுத்தையும் பார்த்துத்தான் அந்தக் காலத்து நீர் எப்படி இருந்தது என்று கணிக்கிறார்கள். 'சிமிழ்' என்போம். சின்னது, கடினமானது, வாயும் மூடியும் உள்ளது.
(கொட்டாஞ்சேனை)

நல்ல சொல், தம்பி. குறள் 274 பாருங்கள்: 'வேட்டுவன் புள்சிமிழ்த் தற்று'. அங்கே சிமிழ்த்தல் என்றால் அகப்படுத்தல். அகப்படுத்தி வைப்பது சிமிழ் என்பது என் துணிபு. குமிழையும் பக்கத்தில் வைத்தால் உருண்டையும் கிடைக்கிறது! சிலிக்காவையும் விடாமல் 'மணலிச்சிமிழ்' ஆக்குவோம்.
(பம்பலப்பிட்டி)

ஐயா, பாடநூலில் சிலிக்கா என்று படித்த பிள்ளை பரீட்சையில் மணலியைக் கண்டால் திகைக்கும். வெறும் சிமிழிலும் ஒரு சிக்கல் உண்டு. டைனோபிரியோன் என்ற பொன்னிற அல்கா உறங்காமல் இயங்கும்போதே செலுலோசுக் கிண்ணத்துக்குள்தான் இருக்கிறது. அங்கிருந்தபடியே ஒளித்தொகுப்பும் செய்யும், பற்றீரியாவையும் பிடித்துத் தின்னும். நுணுக்குக்காட்டியில் பிள்ளை அந்தத் திறந்த கிண்ணத்தைத்தான் சிமிழ் என்று காட்டும். 'உறங்குசிமிழ்' என்றால் குழப்பமில்லை.

அப்புறம், செய்முறைக்குக் கொழும்பின் பேரை வாவித் தண்ணீரை நம்பவேண்டாம். அங்கே பச்சையாகப் படர்வது மைக்குரோசிஸ்ரிஸ், நீலப்பச்சை அல்காக் கூட்டம். பொன்னிற அல்காவுக்குப் பெரும்பாலும் போசணை குறைந்த, தெளிந்த நீர்தான் பிடிக்கும்.
(தெகிவளை)

'உறங்கு' எதற்கு? சிமிழ்த்தலிலேயே ஒடுக்கம் இருக்கிறது. ஆனாலும் மறுக்கவில்லை.
(பம்பலப்பிட்டி)

சரி, உறங்குசிமிழ் என்றே அனுப்புகிறேன். படத்தில் துளையையும் அடைப்பையும் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறேன். எல்லாருக்கும் நன்றி.
(வெள்ளவத்தை)

தாமதமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் வாக்கு சிறைப்பைக்கே. அமீபா செய்வதும் இது செய்வதும் ஒரே வேலை என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுவது அந்தப் பொதுப்பெயர்தான். 'சிலிக்காச் சிறைப்பை' என்றால் கடினமும் வந்துவிடும். அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி கேட்பேன்.
(மட்டக்குளி)