வீடு தேடி வந்து ஜெபிக்கிறவர்களிடம், தங்கச்சி மனம் நோகாமல் எப்படி 'வேண்டாம்' என்பது?

கித்தாக்காட்டான், சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சாமி நம்பிக்கை இல்லாதவன். எங்கள் தாத்தா பால்மரம் வெட்டியவர், 1954-இல் பெரியார் இரண்டாவது தடவை மலாயா வந்தபோது தோட்டத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் போய்ப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தவர். அம்மாவுக்கு மாரியம்மன்தான் எல்லாம், ஆடி மாதம் கூழ் ஊற்றாமல் இருந்ததில்லை. நான் தாத்தா பக்கம் போய்விட்டேன். இதற்காக வீட்டில் சண்டை என்று ஒரு நாளும் வந்தது கிடையாது.

தங்கச்சி ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு சபையில் சேர்ந்தாள். பெயர் வேண்டாம். கடைவீட்டு மாடியில் நடக்கிற சபை, கீழே டயர் கடை. அவள் புருஷன் அப்போது சம்சு சாராயத்தில் மூழ்கிக் கிடந்தார். சொந்தக்காரர்கள் நாங்கள் எல்லாரும் புத்தி சொன்னோம், திட்டினோம், அப்புறம் விட்டுவிட்டோம். சபைக்காரர்கள் விடவில்லை. மூன்று மாதம் தினமும் ராத்திரி ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள், மோட்டார் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள், காலையில் செம்பனைக் காட்டுக்கு வேலைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். மச்சான் இன்றைக்குவரை தொடவில்லை. இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் நான் நன்றி கெட்டவன்.

மற்றது இதுதான். அம்மாவுக்குச் சிறுநீரகம் போய் வாரத்துக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு, கடைசி மாதம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். அந்தச் சபை ஊழியக்காரர் இரண்டு பேர் தங்கச்சியோடு வந்தார்கள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் கேட்கவில்லை, ஒருத்தர் அம்மா நெற்றியில் கை வைத்துச் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். முடித்ததும் அம்மாவின் திருநீறு அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. அதை அவர் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். நான் பார்த்தேன். வெளியே வந்து, "அண்ணன் மட்டும் விசுவாசித்தால் அம்மா எழுந்து உட்காருவார்" என்றார்.

அம்மா ஒன்பது நாளில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த அதே ஆள், வீட்டில் அவிசுவாசம் இருந்ததே என்று வாசலில் நின்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை, அது இன்னும் தொண்டையில் நிற்கிறது.

இப்போது சனிக்கிழமை தோறும் வருகிறார்கள். கைப்பிரதி, பைபிள் வசனம், 'செத்த பிறகு என்ன செய்வீர்கள்' என்ற கேள்வி. தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், நான் மனம் மாறுவேன் என்று உண்மையாகவே காத்திருக்கிறாள். எனக்கு இருக்கிற ஒரே கூடப்பிறப்பு அவள்தான். அவளை இழக்காமல் இவர்களை நிறுத்துவது எப்படி? அவர்கள் சொல்வதற்கு என்ன பதில் சொல்வது?

பழைய வாத்தியார், தெலுக் இந்தான்

தம்பி, அம்மாவுக்காக முதலில் வருந்துகிறேன். அந்தத் திருநீறு விஷயத்தைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்துதான் எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான், நானும் உங்களைப் போல நம்பாதவன்தான். என்னிடமும் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். நல்ல மனிதர்கள்தான் பெரும்பாலும்.

அவர்கள் எல்லாரிடமும் நான் கண்ட ஒரு குறை, நாம் ஏன் நம்பவில்லை என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நமக்கு ஏதோ அடி விழுந்திருக்கிறது, கோபம் இருக்கிறது, தனிமை இருக்கிறது என்று அவர்களே முடிவு செய்து, அதற்கு மருந்தோடு வருகிறார்கள். நம்பாமல் இருப்பது நோய் என்று வைத்துக்கொண்டதால், மனிதன் உண்மையிலேயே நோயில் படுக்கும் நேரம் அவர்களுக்கு நல்ல நேரமாகத் தெரிகிறது. ஒருவனை யோசிக்க வைக்க வேண்டுமென்றால் அவன் தெம்பாக உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருக்கும்போது வர வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து வாங்குகிற சம்மதம் என்ன சம்மதம்?

சரி, அவர்கள் சொல்வதற்கு வருவோம். 'செத்த பிறகு என்ன செய்வீர்கள்' என்பது புதுக் கேள்வி இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சுக் கணித மேதை இதையே பந்தயமாகச் சொன்னார்: கடவுள் இருந்தால் நம்பியவனுக்கு எல்லாம் லாபம், இல்லாவிட்டால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை, அதனால் நம்புவதே புத்திசாலித்தனம். காசுக்கு இரண்டு பக்கம்தான் என்றால் இது சரியாக வரும். நம்மூர் டவுனில் ஒரு தெருவில் நடந்தாலே கோயில், முஸ்லிம்கள் தொழுகிற சூராவ், சீனக் கோயில், தேவாலயம் எல்லாம் வருகிறது, கொஞ்சம் தள்ளி குருத்துவாரா. அதில் ஒன்றில் பந்தயம் கட்டினால் இன்னொன்றில் தோற்கலாம். அதோடு, பயந்துபோய் 'நம்புகிறேன்' என்று வாயால் சொல்வதை நம்பிக்கை என்று எந்தக் கடவுள் எடுத்துக்கொள்ளும்?

அடுத்து சாட்சி. உங்கள் மச்சான் குடியை விட்டது உண்மை, அதற்கு அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் எங்கள் தாமானில் ஒருத்தர் ஐயப்பனுக்கு மாலை போட்டுக் குடியை விட்டார், இன்னொருத்தர் பத்துமலைக்குக் காவடி எடுத்துக் குடியை விட்டார். அமெரிக்காவில் 1935-இல் இரண்டு குடிகாரர்கள் சேர்ந்து ஆரம்பித்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில், கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள், அங்கேயும் எத்தனையோ பேர் மீண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது, தினம் ராத்திரி வந்து உட்காருகிற மனிதன் இருந்தால் இன்னொரு மனிதன் பிழைத்துக்கொள்கிறான். இதை வைத்து, கல்லறையிலிருந்து ஒருவர் எழுந்தார் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள்: உயிர்த்தெழுந்தவரை ஐந்நூறு பேருக்கு மேல் பார்த்தார்கள் என்று. 1 கொரிந்தியர் 15-இல் இருக்கிறது, நானும் வாசித்திருக்கிறேன். அதை எழுதியவர் பவுல் ஒருவர், சம்பவத்துக்கு இருபது வருடத்துக்கும் மேலே ஆன பிறகு. அந்த ஐந்நூறு பேரில் ஒருவர் பெயரும் அங்கே இல்லை, அவர்கள் எழுதியதாக ஒரு வரியும் கிடைக்கவில்லை. ஐந்நூறு பேர் பார்த்ததாக ஒருவர் சொல்கிறார், அவ்வளவுதான்.

நோயாளி மேல் கை வைப்பதற்கு அவர்கள் காட்டுகிற வசனம் மாற்கு 16:18. இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். நமக்குக் கிடைத்த மிகப் பழைய முழுக் கையெழுத்துப் பிரதிகள் இரண்டு, சினாய்ட்டிக்கஸ், வத்திக்கானுஸ், இரண்டும் நான்காம் நூற்றாண்டு. இரண்டிலும் மாற்கு சுவிசேஷம் 16:8-ஓடு முடிந்துவிடுகிறது. பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, அத்தோடு சரி. கை வைத்தால் சொஸ்தமாவார்கள் என்ற பகுதி பின்னால் சேர்ந்தது என்று கிறிஸ்தவ அறிஞர்களே பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். அதே வசனத்தில் பாம்பைப் பிடிப்பார்கள், விஷம் குடித்தாலும் ஒன்றும் ஆகாது என்றும் இருக்கிறது. அதை நம்பி யாரும் விஷம் குடிப்பதில்லை. ஆனால் அடுத்தவன் அம்மா விஷயத்தில் மட்டும் வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. 2006-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. இருதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஜெபம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்று சொல்லப்பட்டவர்களில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல் வந்தது. உங்களுக்காகக் கட்டாயம் ஜெபிக்கிறோம் என்று சொல்லப்பட்ட பிரிவில் 59. ஜெபம் கெடுதல் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா போனதற்கு உங்கள் நம்பிக்கையின்மை காரணம் என்று ஒருவர் சொன்னால் அது அநியாயமான பேச்சு. அதை மனதிலிருந்து இறக்கி வையுங்கள் தம்பி.

பாகான் செராய் அக்கா

நான் கத்தோலிக்கப் பெண், பாட்டி காலத்திலிருந்தே. வருடா வருடம் ஜூலை மாதம் புக்கிட் மெர்த்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போவோம், இந்துக்களும் சீனர்களும் மெழுகுத்திரியோடு பக்கத்திலேயே நிற்பார்கள், யாரும் யாரையும் நீ எந்த மதம் என்று கேட்பதில்லை. அதனால் தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர்கள் சார்பில் மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

வாத்தியார் ஐயா சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆய்வு வைத்து அளக்கிற விஷயமாக நான் ஜெபத்தைப் பார்த்ததில்லை, என் பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது நான் கணக்குப் போட்டு ஜெபிக்கவில்லை. அது வேறு.

ஆனால் தம்பிக்கு உதவுகிற இரண்டு வசனம் எங்கள் பைபிளிலேயே இருக்கிறது. 1 பேதுரு 3:15, உங்கள் நம்பிக்கையைப் பற்றி விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்கிறது. கேட்கிறவர்களுக்கு. தம்பி கேட்டாரா? இன்னொன்று மத்தேயு 10:14. ஒரு வீட்டில் உங்களை ஏற்றுக்கொள்ளாவிட்டால் கால் தூசியை உதறிவிட்டுப் புறப்படுங்கள் என்று இயேசுவே சீடர்களிடம் சொல்கிறார். சனிக்கிழமை தோறும் போய் உட்காரச் சொல்லவில்லை. இதைத் தங்கச்சியிடம் காட்டுங்கள், அவள் நம்புகிற புத்தகத்திலிருந்தே. ஊழியக்காரரிடம் காட்ட வேண்டாம், அவரிடம் பேசினால் அது வாதமாகிவிடும்.

அவள் உங்களுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில்தான் இதைச் செய்கிறாள் என்பதையும் யோசியுங்கள். அண்ணன் நரகத்துக்குப் போவான் என்று உண்மையாகவே நம்புகிற ஒரு பெண் ராத்திரி எப்படித் தூங்குவாள்?

குளுவாங் பையன்

சட்டம் பற்றி ஒன்று மட்டும். கூட்டரசு அரசியலமைப்பு 11-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது, ஆனால் முஸ்லிம்களிடம் மற்ற மதங்களைப் பரப்புவதை மாநிலங்கள் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்கிறது 11(4). அதனால் சபைகள் கதவைத் தட்டுவதென்றால் நம் கதவையும் சீனர்கள் கதவையும்தான் தட்ட முடியும். தோட்டத்தை மூடி ஆட்களை வெளியேற்றிய இடங்களில் கோயில் கமிட்டி கலைந்து, சங்கம் கலைந்து, ஆறுதல் சொல்ல ஆள் இல்லாத வீட்டுக்கு யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்குக் கதவு திறக்கிறது. நாம் போயிருக்கலாம். போகவில்லை.

அண்ணே, பள்ளியில் ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாட்டைச் சொல்லும்போது 'இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்' என்ற முதல் வரியை வாயசைத்துவிட்டு நின்றவன் நான். வீட்டுக்குள்ளேயும் வாயசைக்க வேண்டாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கித்தாக்காட்டான், சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா எழுதியதை மூன்று தடவை படித்தேன். மாற்கு விஷயத்தை அந்த ஊழியக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்று கை பரபரத்தது, அக்கா பேச்சைக் கேட்டு அடக்கிக்கொண்டேன்.

நேற்று ராத்திரி தங்கச்சிக்குப் புலனத்தில் எழுதினேன். மச்சானை அவர்கள் காப்பாற்றியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன் என்று முதலில் எழுதினேன். அப்புறம் திருநீறு துடைத்ததையும் வாசலில் சொன்னதையும் எழுதினேன், அவளுக்கு இரண்டுமே தெரிந்திருக்கவில்லை. மத்தேயு வசனத்தையும் போட்டேன். நீ எனக்காக ஜெபிப்பதை நான் தடுக்கவில்லை, உன் வீட்டில் உட்கார்ந்து ஜெபி, என் வீட்டுக்கு நீ என் தங்கச்சியாக வா, எதை நம்புகிறேன் எதை நம்பவில்லை என்று நீயே கேள், விடிய விடியச் சொல்கிறேன் என்று முடித்தேன்.

நீலக்குறி விழுந்து ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பதினொன்றரைக்குக் குரல் பதிவு வந்தது, அழுதிருக்கிறாள், தெரிகிறது. அம்மா திருநீற்றைத் துடைத்தது யார் என்று பெயர் கேட்டாள். நான் சொல்லவில்லை. அப்புறம், "சனிக்கிழமை நான் மட்டும் வர்றேன்ணே, பசியாற ரொட்டி சானாய் வாங்கி வை, அம்மா படத்துக்குப் பூ நான் கொண்டு வர்றேன்" என்றாள்.